யூஐ, யூஎக்ஸ் டிசைன்: புதிதாக வருகிறவர்கள் எதை, எந்த வரிசையில் கற்பது?

ஆப், இணையதளத் திரைகளை வடிவமைக்கும் யூஐ (யூசர் இன்டர்ஃபேஸ்), யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைன் கற்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளைத் திறக்கிறார்கள். யூடியூபில் ஒருவர் செய்து காட்டும் மியூசிக் ஆப்பை வரிக்கு வரி பார்த்து வரைகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் கண்ணைப் பறிக்கும் ஒரு ஸ்க்ரீன் வந்துவிடும். அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கடுத்த வாரம் வேறொன்று. சில மாதங்களில் கையில் நிறைய ஸ்க்ரீன்கள் சேர்ந்திருக்கும். "இந்தப் பட்டன் ஏன் கீழே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் மட்டும் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் வேலை. அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். முதலில் மனிதர்கள் திணறுவதைப் பார்ப்பது, பிறகு காகிதம், பிறகு சாம்பல் நிறப் பெட்டிகள், பிறகு சோதனை. வண்ணமும் மெருகும் கடைசியில். ஆரம்பத்தில் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும்.

யூஐ எது, யூஎக்ஸ் எது?

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஃப்ளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுன்ட்டியில் வாக்குச்சீட்டை வடிவமைத்தவர்களுக்கு ஒரு நல்ல எண்ணம்: முதியவர்கள் எளிதாகப் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கியதும் எல்லாப் பெயரும் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. வேட்பாளர்களை இடது, வலது என்று இரண்டு பக்கத்துக்குப் பிரித்தார்கள். துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடது பக்கப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் அல் கோர். ஆனால் நடுவில் இருந்த இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த பேட் புகேனனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. இப்படித் தவறிப்போய் புகேனனுக்கு விழுந்த கோரின் வாக்குகள் 2,000க்கும் மேல் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஃப்ளோரிடாவில் கோர் தோற்ற வித்தியாசம் 537 வாக்குகள்.

எழுத்தின் அளவு, பெயர் இருக்கும் இடம், அம்புக்குறி, துளை ஆகியவை யூஐ. கண்ணுக்குத் தெரிவதும் கை தொடுவதும். வாக்களிக்க வந்தவர் தான் நினைத்தவருக்கே வாக்களித்துவிட்டுத் திரும்பினாரா என்பது யூஎக்ஸ். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. ஆனாலும் வேலை கெட்டது. சீட்டை முன்கூட்டியே நாலைந்து பேரிடம் கொடுத்து "இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். சிறிய இடங்களில் ஒருவரே இரண்டையும் பார்ப்பார். தொடக்கத்தில் எதில் போவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள், எது கைக்கு வருகிறது என்பது தானாகத் தெரியும்.

முதல் இரண்டு வாரம்: ஒன்றும் வரையாதீர்கள்

ஒரு நோட்டுப்புத்தகம் போதும். நீங்களோ உங்களைச் சுற்றி இருப்பவர்களோ ஒரு ஆப்பில், இணையதளத்தில், ஏதாவது ஒரு இயந்திரத்தின் திரையில் தடுமாறும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். "இந்த ஆப் மோசம்" என்று எழுதினால் பயனில்லை. என்ன செய்ய நினைத்தார், எதை அழுத்தினார், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார். இந்த நான்கும் இருக்க வேண்டும்.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "கணக்குத் திறக்க ஃபோன் எண் கொடுத்தார். ஓடிபி வந்தது. அதைப் பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது பழைய ஆப் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியது. பெயர், முகவரி எல்லாம் போய்விட்டது. மறுபடி நிரப்பினார், புதிய ஓடிபி வந்தது, ஆனால் அவர் பழையதை அடித்தார். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வந்தது. எது தவறு என்று சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டார்."

இந்த ஒரு பதிவில் குறைந்தது மூன்று டிசைன் பிரச்சினைகள் இருக்கின்றன. நிரப்பியதை ஆப் நினைவில் வைக்கவில்லை. எந்த ஓடிபி செல்லும் என்று காட்டவில்லை. பிழைச் செய்தி, செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண் வந்துவிட்டால் பாதி டிசைனர் ஆகிவிட்டீர்கள் என்று சொல்வேன்.

பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு நல்ல சட்டகம் இருக்கிறது. யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1994இல் செம்மைப்படுத்தி வெளியிட்ட 10 விதிகள். ஹியூரிஸ்டிக்ஸ் என்று துறையில் சொல்வார்கள். நீல்சன் நார்மன் குரூப்பின் தளத்தில் விளக்கத்தோடு இலவசமாகவே கிடைக்கும். பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆரம்பத்தில் நான்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இப்போது என்ன நடக்கிறது என்பதை ஆப் காட்டுகிறதா, தெரியாமல் செய்ததைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா, ஒரே விஷயத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயரும் ஒரே உருவமும் இருக்கிறதா, பிழை நேர்ந்தால் எப்படிச் சரிசெய்வது என்று சொல்கிறதா. உங்கள் நோட்டில் உள்ள பெரும்பாலான புலம்பல்கள் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்துவிடும்.

ஒரு சின்னப் பிரச்சினை, அதற்குச் சொந்தக்காரர்கள்

இப்போது ஒரு பயிற்சித் திட்டம் எடுக்கலாம். புகழ்பெற்ற ஆப்பை மறுவடிவமைப்பு செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை விட்டுவிடுங்கள். அந்த ஆப் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பின்னால் உங்களுக்குத் தெரியாத நூறு காரணங்கள் இருக்கும். வெளியிலிருந்து நிறம் மாற்றுவதைத் தவிர உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஒரே ஒரு வேலையைச் செய்து முடிக்கும் சின்ன விஷயமாக எடுங்கள். நூலகப் புத்தகத்தின் தவணையை நீட்டிப்பது, பல் மருத்துவரிடம் நேரம் பதிவு செய்வது, வாடகைக்கு எடுத்த சைக்கிளைத் திருப்பி ஒப்படைப்பது. அந்த வேலையை நிஜமாகவே செய்கிறவர்கள் நாலு பேராவது உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை.

இங்கே பல் மருத்துவரிடம் நேரம் பதிவு செய்வதை எடுத்துக்கொள்வோம்.

அந்த நாலு பேரிடம் பேசும்போது எதைக் கேட்கக் கூடாது என்பது முக்கியம். "இப்படி ஒரு ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "கண்டிப்பா" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. எதிர்காலத்தை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எப்போது பல் மருத்துவரைப் பார்த்தீர்கள்? நேரம் எப்படி வாங்கினீர்கள்? முதலில் என்ன செய்தீர்கள்? அப்புறம்?" இந்த "அப்புறம்" தான் இருப்பதிலேயே பயனுள்ள கேள்வி. அவர்கள் சொல்லச் சொல்ல அவர்களுடைய வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர், "போய் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்" என்பார். இன்னொருவர், "மாற்ற வேண்டியிருந்தது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை" என்பார். நீங்கள் நேரம் பதிவு செய்வதுதான் பிரச்சினை என்று நினைத்துப் போயிருப்பீர்கள். பதிவு செய்ததை மாற்றுவதுதான் நிஜமான பிரச்சினையாக இருக்கும். இப்படித் திசை திரும்பினால் சந்தோஷப்படுங்கள், பேசியதற்குப் பலன் அதுதான்.

இந்த இடத்தில் பல பாடத்திட்டங்கள் "பெர்சோனா" செய்யச் சொல்லும். கற்பனைப் பெயர், வயது, பொழுதுபோக்கு, சிரிக்கும் புகைப்படம். நாலு பேரிடம் நிஜமாகப் பேசிய குறிப்பு கையில் இருக்கும்போது அந்த அட்டையால் புதிதாக எதுவும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். வேண்டுமானால் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: "வேலைக்குப் போகிறவர், மாலையில் மட்டும் வர முடியும், ஏற்கனவே பதிவு செய்ததை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும்." இதை வைத்தே டிசைன் செய்ய முடியும்.

காகிதத்தில் ஒரு நாள்

முதலில் பாதையை வரையுங்கள். ஆப்பைத் திறக்கிறார், தன் பதிவைப் பார்க்கிறார், மாற்று என்கிறார், வேறு நாள் தேர்கிறார், நேரம் தேர்கிறார், உறுதி செய்கிறார். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, நடுவில் அம்பு. இது சுலபம். இப்போது ஒவ்வொரு அம்பிலும் "இல்லையென்றால்?" என்று கேளுங்கள். அந்த நாளில் இடம் இல்லையென்றால்? பதிவு நேரத்துக்கு ஒரு மணி நேரம்தான் மீதி இருந்தால்? நடுவில் இணையம் போனால்? அவர் தேர்ந்து கொண்டிருக்கும்போதே வேறொருவர் அந்த நேரத்தை எடுத்துவிட்டால்? ஆறு பெட்டி பதினைந்தாகும். அனுபவமுள்ள டிசைனரின் கோப்பைப் பார்த்தால் அழகான ஸ்க்ரீன்களை விட இந்த "இல்லையென்றால்" ஸ்க்ரீன்கள்தான் அதிகம் இருக்கும்.

பிறகு ஒரு தாளை எட்டாக மடித்து, நாள் தேர்ந்தெடுக்கும் ஸ்க்ரீனை மட்டும் எட்டு விதமாக வரையுங்கள், ஒன்றுக்கு ஒரு நிமிடம். காலண்டர், பட்டியல், "அடுத்து கிடைக்கும் மூன்று நேரங்கள்" என்று மட்டும் காட்டுவது, இப்படி. முதல் மூன்று எல்லோருக்கும் தோன்றுவதாக இருக்கும். ஐந்தாவதுக்கு மேல்தான் மூளை வேலை செய்யத் தொடங்கும். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. கட்டமும் கோடும் போட வந்தால் போதும்.

ஃபிக்மாவில் இவ்வளவு தெரிந்தால் போதும்

ஃபிக்மா 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பிரவுசரிலேயே ஓடும். கற்றுக்கொள்வதற்கு அதன் இலவசத் திட்டம் தாராளம். திறமூல மென்பொருளில்தான் வேலை செய்வேன் என்பவர்களுக்குப் பென்பாட் இருக்கிறது, அதுவும் பிரவுசரில் ஓடும். ஸ்கெட்ச் செயலி மேக் கணினியில் மட்டும்தான். அடோபி எக்ஸ்டியைப் பரிந்துரைக்கும் பழைய காணொளிகள் இன்னும் சுற்றுகின்றன. அடோபி அதில் புதிய அம்சங்கள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது, அதில் தொடங்க வேண்டாம்.

ஃபிக்மாவில் நூறு வசதிகள் இருக்கின்றன. முதல் மாதத்துக்கு ஐந்து போதும்: ஃப்ரேம், டெக்ஸ்ட், ஆட்டோ லேஅவுட், காம்பொனென்ட், புரோட்டோடைப். ஃப்ரேம் என்பது ஸ்க்ரீனை வரையும் சட்டம்; ஒரு ஃபோன் ஸ்க்ரீனுக்கு 360 பிக்சல் அகலம், 800 பிக்சல் உயரம் உள்ள ஃப்ரேம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தில் ஆட்டோ லேஅவுட்டில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்வார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "உறுதி செய்" என்று ஒரு டெக்ஸ்ட் அடியுங்கள். அதைத் தேர்ந்துகொண்டு ஷிஃப்ட்டையும் ஏ-வையும் சேர்த்து அழுத்துங்கள். டெக்ஸ்டைச் சுற்றி ஒரு சட்டம் வரும். அந்தச் சட்டத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். இடம் வலம் 24, மேல் கீழ் 12 என்று உள் இடைவெளி கொடுங்கள். பட்டன் தயார். இப்போது எழுத்தை "நேரத்தை மாற்றி உறுதி செய்" என்று மாற்றிப் பாருங்கள். பட்டன் தானாக நீளும், இடைவெளி அப்படியே இருக்கும். கட்டத்தை வரைந்து அதன் மேல் எழுத்தை வைத்திருந்தால் எழுத்து வெளியே வழிந்திருக்கும். உண்மையான ஆப்பும் இப்படித்தான் எழுத்துக்கு ஏற்ப விரியும். அதனால்தான் உங்கள் கோப்பை வாங்கிப் பார்க்கும் டெவலப்பர் முதலில் இதைக் கவனிப்பார்.

அந்தப் பட்டனை காம்பொனென்ட் ஆக்கிவிட்டால், மூல வடிவத்தில் ஒரு இடத்தில் செய்யும் மாற்றம் அதன் பிரதிகள் எல்லாவற்றிலும் வந்துவிடும். மீதி வசதிகள் தேவைப்படும்போது தெரிந்துகொள்ளலாம்.

சாம்பல் நிறமும் நிஜமான எழுத்தும்

காகிதத்தில் பிடித்ததை ஃபிக்மாவுக்குக் கொண்டுவரும்போது வெள்ளை, கறுப்பு, நடுவில் ஒன்றிரண்டு சாம்பல், அவ்வளவுதான். இதுதான் வயர்ஃப்ரேம். நிறம் போட்டுவிட்டால் பார்க்கிறவர்கள் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். "நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கலாமே" என்று தொடங்கினால், நாள் தேர்வது புரிகிறதா என்ற கேள்வி காணாமல் போய்விடும்.

ஆனால் எழுத்தில் மட்டும் சாம்பல் வேலை செய்யாதீர்கள். அர்த்தமில்லாத நிரப்பு வாசகங்களைப் போட்டு வரைவது பெரிய ஏமாற்று. "தலைப்பு இங்கே" என்று போட்ட இடத்தில் நிஜமான தலைப்பு வரும்போது மூன்று வரி ஆகும். மருத்துவரின் பெயர் நீளமாக இருந்தால்? பதிவே இல்லாத புதியவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன தெரியும்? வெறும் வெள்ளையா? "உங்களுக்கு இப்போது பதிவு எதுவும் இல்லை. புதிதாக நேரம் பதிவு செய்யலாம்" என்று எழுதி, கீழே ஒரு பட்டன் வைத்தால் அந்தக் காலிப் பக்கமே ஒரு வேலையைச் செய்துவிடுகிறது.

பிழைச் செய்திக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். "தவறான தேதி" என்பது ஆப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசும் பேச்சு. "இந்த நேரத்தை வேறொருவர் பதிவு செய்துவிட்டார். அதே நாளில் மாலை 5:30, 6:15 காலியாக இருக்கின்றன" என்பது பயனரின் பக்கம் நின்று பேசுவது. இரண்டாவதை எழுதினால் ஸ்க்ரீனில் அந்த இரண்டு நேரங்களையும் அழுத்தும்படி வைக்க வேண்டும் என்பதும் உடனே தெரிகிறது. எழுத்து டிசைனை நகர்த்துகிறது.

காத்திருக்கும் நேரத்துக்கும் நீல்சன் சொன்ன ஒரு கணக்கு உண்டு. 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததுபோல் இருக்கும். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடிக்கு மேல் போனால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே 1 விநாடியைத் தாண்டும் எதற்கும் ஏதோ நடக்கிறது என்று காட்டுங்கள். நீண்ட நேரம் ஆகும் என்றால் எவ்வளவு முடிந்தது என்றும் காட்டுங்கள்.

சோதனை: வாயை மூடிக்கொண்டு பார்ப்பது

ஃபிக்மாவின் புரோட்டோடைப் வசதியில் ஸ்க்ரீன்களை இணைத்தால் ஃபோனில் நிஜ ஆப்போல அழுத்திப் பார்க்க முடியும். சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். மெருகேற்றிய பிறகு குறை கேட்டால் மாற்ற மனசு வராது.

எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேரிடம் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்பது நீல்சன் முன்வைத்த கணக்கு. அந்த எண்ணைப் பற்றித் துறைக்குள் நிறைய வாதம் உண்டு. சிக்கல் எவ்வளவு எளிதில் வெளிப்படும் என்பதைப் பொறுத்து அது மாறும். தொடங்குகிறவருக்கு அந்த வாதம் வேண்டாம். மூன்று பேரிடம் காட்டி, திருத்தி, மறுபடி மூன்று பேரிடம் காட்டுங்கள். பூஜ்யத்துக்கும் ஒருவருக்கும் உள்ள தூரம்தான் பெரியது.

கொடுக்கும் வேலையில் உங்கள் ஸ்க்ரீனில் உள்ள சொல் இருக்கக் கூடாது. "மாற்று என்ற பட்டனை அழுத்தி வேறு நேரம் தேர்ந்தெடுங்கள்" என்றால் கண்ணால் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார், அதில் நீங்கள் தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வியாழக்கிழமை காலை பல் மருத்துவரைப் பார்க்கப் பதிவு செய்திருக்கிறீர்கள். அன்றைக்கு அலுவலகத்தில் திடீரென்று ஒரு கூட்டம் வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்." ஃபோனைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் கொடுமையாக இருக்கும். பட்டன் கண்ணெதிரே இருக்கும், அவர் வேறெங்கோ தேடுவார். "அதோ, மேலே" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை அதோடு முடிந்தது. "இதை அழுத்தவா?" என்று அவர் கேட்பார். "நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார், எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். முடித்த பிறகு "நல்லா இருக்கு" என்பார். அதைப் பொருட்படுத்த வேண்டாம். தடுமாறித் தடுமாறி முடித்தவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள்.

ஒருவர் தடுமாறினால் குறித்து வையுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் மாற்றுங்கள்.

இப்போது அழகு

இவ்வளவும் ஆன பிறகு வண்ணத்துக்கு வரலாம். இங்கே ரசனை வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், ஆனால் அது பார்க்கப் பார்க்கப் பழக்கத்தில் வருவது. தொடக்கத்தில் சில அளவுகளே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

இடைவெளிக்கு 4, 8, 16, 24, 32 என்ற எண்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றுக்கு நடுவில் 8, தொடர்பில்லாதவற்றுக்கு நடுவில் 24 அல்லது 32. புதியவர்களின் ஸ்க்ரீன் குழப்பமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் எல்லா இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது. கோடும் பெட்டியும் போட்டுப் பிரிப்பதற்கு முன்னால் இடைவெளியை வைத்துப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

எழுத்து அளவுகள் மூன்று போதும். சாதாரண வாசகத்துக்கு 16, துணைக் குறிப்புக்கு 14, தலைப்புக்கு 24. ஒரே எழுத்துருவின் சாதாரண, தடித்த வடிவங்களில் வேலையை முடியுங்கள்.

தமிழில் ஸ்க்ரீன் செய்கிறவர்கள் சில விஷயங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் கொம்பும், கீழே வாலும் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தை அப்படியே வைத்தால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்காவது வரி உயரம் கொடுங்கள். ஆங்கில டிசைன்களில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டுத் தலைப்பை வேறுபடுத்துவார்கள்; நமக்கு அந்த வழி கிடையாது. அளவு, தடிமன், நிறம் ஆகியவற்றால்தான் காட்ட வேண்டும். பட்டன் அகலத்தை நிலையாக வைக்கவே வைக்காதீர்கள்: ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடிவது தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும். முடிந்தால் 'அனுப்பு' என்று சுருக்குங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன, பல தடிமன்களும் உண்டு.

வண்ணத்தில் முதலில் பார்க்க வேண்டியது படிக்க முடிகிறதா என்பதை. டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3க்கு 1. டிசைனர்களுக்குப் பிடித்த மெல்லிய சாம்பல் (நிறக் குறியீடு #999999) வெள்ளைப் பின்னணியில் 2.85தான் வரும், தேறாது. #777777 மயிரிழையில் தவறுகிறது, 4.48. #767676 தேறிவிடும், 4.54. கண்ணால் பார்த்தால் இந்தக் கடைசி இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால் கண்ணை நம்பாமல் கணக்கிடும் கருவியில் போட்டுப் பாருங்கள். வெப்எய்ம் தளத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

சிவப்பு என்றால் பிழை, பச்சை என்றால் சரி என்று நிறத்தை மட்டும் நம்பி விடவும் கூடாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம் உண்டு. நிறத்தோடு ஒரு குறியீடோ சொல்லோ சேர்ந்திருக்கட்டும். ஸ்க்ரீனைச் சாம்பல் நிறமாக்கிப் பார்த்தும் புரிந்தால் சரி. வயர்ஃப்ரேமைச் சாம்பலில் செய்ததற்கு இங்கேயும் ஒரு பலன் கிடைக்கிறது.

தொடும் இடங்களின் அளவு: ஆப்பிளின் வழிகாட்டி 44 பாயின்ட் என்கிறது, கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி 48 டிபி (ஆண்ட்ராய்டின் அளவு அலகு) என்கிறது. இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அதை எட்ட அதிக நேரம் ஆகும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே காட்டிவிட்டார். ஐகான் 24 அளவில் இருந்தாலும் அதைச் சுற்றித் தொட்டால் ஏற்கும் பரப்பு 48 இருக்கலாம். 'ரத்து செய்'யையும் 'உறுதி செய்'யையும் ஒட்டி வைக்காதீர்கள்.

ஆப்பிள், கூகுள் இரண்டின் வழிகாட்டிகளும் இணையத்தில் இலவசம். முழுவதும் படிக்க முடியாது. நாள் தேர்ந்தெடுக்கும் ஒரு டேட் பிக்கர் வரையும் முன் அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள். ஏற்கனவே மக்கள் பழகிய ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சமாகும்.

கோர்ஸ், ஏஐ, போர்ட்ஃபோலியோ

கோர்ஸ் அவசியமா என்று கேட்பார்கள். தானாக ஒழுங்காக உட்கார்ந்து படிக்க வராதவர்களுக்கு உதவும். கூகுளின் யூஎக்ஸ் சான்றிதழ்ப் படிப்பு 2021 முதல் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் இருக்கிறது. சான்றிதழை மட்டும் வைத்து யாரும் வேலை தருவதில்லை. மாதக் கணக்கில் ஓடும், பெரும் கட்டணம் கேட்கும், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் சேரும் முன், அங்கே படித்தவர்களின் போர்ட்ஃபோலியோவை (செய்த வேலைகளின் தொகுப்பை) கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

ஒரு வரி எழுதினால் ஸ்க்ரீன் வரைந்து தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. பயப்படவும் வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம். அவை தருவது பொதுவாகப் பழக்கமான, சராசரியான ஸ்க்ரீன். "ஒரு மணி நேரம்தான் மீதி இருந்தால்?" என்று நீங்கள் கேட்காதவரை அது தானாகக் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலே சொன்ன வேலைகளை ஒருமுறை கையால் செய்தவருக்கு, கருவி தந்ததில் எது கோணல் என்று பார்த்தவுடன் தெரியும்.

போர்ட்ஃபோலியோவில் இரண்டு அல்லது மூன்று திட்டங்கள் போதும். ஒவ்வொன்றிலும் இவை இருக்கட்டும்: யாருக்கு என்ன சிக்கல், பேசியபோது என்ன தெரிந்தது, காகிதப் படங்கள், சோதனையில் எங்கே உடைந்தது, என்ன மாற்றினீர்கள், முன்னும் பின்னும். தூக்கிப் போட்ட யோசனைகளை மறைக்காதீர்கள். எதை ஏன் கைவிட்டீர்கள் என்பதில்தான் நீங்கள் யோசிக்கும் விதம் தெரியும். முழுத் திட்டத்தையும் இரண்டு நிமிடத்தில் மேலோட்டமாகப் பார்த்தாலே கதை புரிய வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள். தலைப்பும் படக் குறிப்பும் மட்டும் படித்தாலே விஷயம் விளங்குகிறதா என்று ஒரு நண்பரிடம் கொடுத்துச் சோதியுங்கள். போர்ட்ஃபோலியோவுக்கும் பயனர் உண்டு.

கருத்து கேட்கும்போது "எப்படி இருக்கு?" என்று அனுப்பினால் "சூப்பர்" என்றுதான் வரும். "நேரத்தை மாற்றும் மூன்று ஸ்க்ரீன்கள் இவை. இரண்டாவதில், பழைய நேரம் இன்னும் ரத்தாகவில்லை என்பது புரிகிறதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். முடிந்தால் ஒரு டெவலப்பரிடமும் காட்டுங்கள். "இந்தப் பெயர் இரண்டு வரி வந்தால் என்ன ஆகும்?" என்று அவர் முதல் நிமிடத்திலேயே கேட்பார். ஆட்டோ லேஅவுட் ஒழுங்காகப் போட்டிருந்தால் அங்கேயே நீட்டிக் காட்டிவிடலாம்.